எண்ணெய்ப் பனைத் திட்டம்: வண்டுகளைத் தடுக்கும் பொறுப்பு யாருக்கு?

புதுதில்லி: சமையல் எண்ணெய் இறக்குமதியைக் குறைக்க மத்திய அரசு வகுத்த எண்ணெய்ப் பனைத் திட்டத்தின் வெற்றி, மானியத் தொகையை மட்டும் பொறுத்ததல்ல. இளங்கன்றுகளின் குருத்தைத் துளைக்கும் வண்டுகளைத் தடுக்கும் பொறுப்பை யார் ஏற்பது என்பதையும் பொறுத்தது.

நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இறக்குமதி மூலமே நிறைவேறுகிறது. அதில் பாமாயிலுக்கே முதலிடம். எண்ணெய்ப் பனைக்கான தேசிய இயக்கத்துக்கு ரூ. 11,040 கோடி ஒதுக்க 2021 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025-26-க்குள் கூடுதலாக 6.5 லட்சம் ஹெக்டேரில் சாகுபடி என்பது அன்று அறிவிக்கப்பட்ட இலக்கு. கன்றுகளுக்கான உதவித்தொகையும் ஹெக்டேருக்கு ரூ. 12,000-லிருந்து ரூ. 29,000 ஆக உயர்த்தப்பட்டது.

ஆனால், கன்று நட்டு மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்தே விவசாயிக்கு வருவாய் கிடைக்கும். அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைகிறது. அது ஏற்படுத்தும் காயங்களில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் உள்ளிருந்தே தின்பதால், பாதிப்பு வெளியே தெரியும்போது மரத்தைக் காப்பது கடினம்.

பூச்சிக்கொல்லியை விருப்பம்போல் தெளிக்கவும் இயலாது. எண்ணெய்ப் பனையில் காய் பிடிப்பதே, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறு கூன்வண்டு செய்யும் மகரந்தச் சேர்க்கையால்தான். மருந்து அதையும் கொன்றால் குலைகள் சிறுத்துவிடும்.

இங்குதான் இனக்கவர்ச்சிப் பொறி முக்கியத்துவம் பெறுகிறது. ஆண் வண்டு வெளியிடும் மணத்தைச் செயற்கையாகத் தயாரித்து வாளியில் தொங்கவிட்டால், ஆண், பெண் இரண்டும் ஈர்க்கப்பட்டு விழுகின்றன. முட்டையிடும் முன் பெண் வண்டு சிக்கினால் அடுத்த தலைமுறையும் குறைகிறது.

எனினும் இம்முறைக்கு வரம்புகள் உண்டு. பொறியில் சிக்குவது வளர்ந்த வண்டுகள் மட்டுமே. காண்டாமிருக வண்டின் புழுக்கள் எருக்குழிகளிலும் மட்கிய மரத்தண்டுகளிலும் வளர்கின்றன. அவற்றையும் அகற்ற வேண்டும். ஒருவர் மட்டும் பொறி வைத்தால், அண்டைத் தோட்டத்து வண்டுகளும் அவரது தோட்டத்தை நாடி வரும். பொறியில் விழாதவை அங்குள்ள கன்றுகளையே தாக்கும். எனவே, ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே நேரத்தில் செய்தால்தான் பலன் கிட்டும்.

அதற்கான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஆந்திரத்தின 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி எண்ணெய்ப் பனைப் பகுதிகள் ஆலை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மண்டலத்தில் விளையும் குலைகள் அதற்குரிய ஆலைக்கே செல்கின்றன. வேறிடத்தில் விற்கும் வாய்ப்பு விவசாயிக்கு இல்லாதபோது, மரத்தைக் காக்கும் செலவை மட்டும் அவர் தனியே சுமப்பது நியாயமாகாது.

பொறி வைப்பது, வீரியம் குறைந்த கவர்ச்சிப் பொருளை மாற்றுவது, சிக்கிய வண்டுகளைக் கணக்கெடுப்பது ஆகியவற்றை ஆலைகளின் கடமையாக மாநில அரசுகள் அறிவிக்கலாம். தொழில்நுட்ப வழிகாட்டுதலுக்கு ஆந்திரத்தின் பெதவேகியில் எண்ணெய்ப் பனை ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது.

கன்றுக்கு மானியம் அளிப்பதுடன் அரசின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அது மரமாகும்வரை காக்கப்பட்டால்தான் இறக்குமதிச் சுமை குறையும்.