பழைய பிக்கப் வண்டிக்குப் புதிய பிரேக்: சட்டத்தில் இடம் உண்டா?

செய்யாறு சிப்காட் பகுதியில் மஹிந்திரா நிறுவனம் 450 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் வாகனச் சோதனைத் தடம் ஒன்றை அமைத்திருக்கிறது. அதிவேகத் தடம், கரடுமுரடான பாதை எனச் சந்தைக்கு வரவிருக்கும் வண்டிகள் அங்கே பலவிதமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. அதே வட்டாரத்தில், ஆரணி சாலையிலும் வந்தவாசி சாலையிலும், பதினைந்து ஆண்டுகளைக் கடந்த பிக்கப் வண்டிகள் வேறொரு சோதனைக்கு ஆளாகிக்கொண்டிருக்கின்றன. அரிசி ஆலைக்குப் போகும் நெல் மூட்டை, நெசவாளர் வீடுகளுக்குச் செல்லும் தறிச் சாமான், செங்கல், திருவிழாவுக்கு மைக்செட் என அவை சுமக்காத பொருள் இல்லை. அந்த வண்டிகளை என்ன செய்வது என்பதே இன்று போக்குவரத்துத் துறையின் முன்னும் உரிமையாளர்களின் முன்னும் உள்ள கேள்வி.

மத்திய அரசின் விடை தெளிவானது. 2021 ஆகஸ்ட் 13 அன்று அறிமுகமான வாகன அழிப்புக் கொள்கை, வண்டியைத் தகுதிச் சோதனைக்கு உட்படுத்து, தேறாவிட்டால் உடைத்துவிடு என்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் பதினைந்து ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. தனியார் வண்டிகளுக்கு அத்தகைய தடை இல்லை. ஆனால் பழைய வண்டிகளுக்கான தகுதிச் சான்றுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்த்தப்பட்டது. எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனம் ஆண்டுதோறும் இந்தச் சான்றைப் பெற்றாக வேண்டும். தானியங்கிச் சோதனை நிலையங்களைக் கட்டாயமாக்கும் கெடுவோ அறிவிக்கப்படுவதும் தள்ளிப்போவதுமாக இருந்துவருகிறது.

உரிமையாளர்களின் பதிலும் தெரிந்ததுதான். கட்டணத்தைக் குறையுங்கள், எங்களை விட்டுவிடுங்கள் என்கிறார்கள். ஒரு தரப்பு வண்டியின் வயதைப் பேசுகிறது, மறு தரப்பு பணத்தைப் பேசுகிறது. அந்த வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்குமா என்பதை இருவருமே போதிய அளவு பேசவில்லை என்பது என் குறை.

நிற்காத வண்டி என்ன செய்யும் என்பதை நம் மாவட்டங்கள் அறியாதவை அல்ல. 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்ட ஜவ்வாது மலையில் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த மலைக்கிராம மக்களை ஏற்றிய பிக்கப் வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுமியரும். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றக் கூடாது என்பது சட்டம். ஆனால் பேருந்து எட்டாத ஊரிலும், கூலிக்கு ஆள் திரட்டும் அதிகாலையிலும், கல்யாணம், சாவு, காது குத்தல் என்று எதற்கும் அந்த வண்டிதான் வருகிறது. ஆகவே அதன் பிரேக் உரிமையாளரின் சொந்த விவகாரம் அல்ல.

2022இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழகம் முதலிடம். இவற்றில் வண்டியின் கோளாறு எத்தனை உயிரைப் பறித்தது என்பதைப் புள்ளிவிவரத்தில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற சொற்றொடர் ஏறக்குறைய அச்சிட்டது போல வந்துவிடும். விபத்துக்குப் பின் வண்டியைப் பார்வையிடும் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில், விபத்து இயந்திரக் கோளாறால் நேரவில்லை என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும். ஓட்டுநர் குற்றவாளியாகிறார், வண்டி விடுதலையாகிறது.

பழைய வண்டியைப் பாதுகாப்பானதாக மாற்ற முடியுமா? முடியும் என்பதோடு, நம் பட்டறைகள் ஏற்கெனவே வண்டிகளை மாற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. தவறான வரிசையில் மாற்றுகின்றன என்பதுதான் சிக்கல். 1988இல் வந்த டாடா மொபைல், 2005இல் வந்து 'குட்டியானை' என்ற பெயரைச் சம்பாதித்த டாடா ஏஸ், மஹிந்திராவின் பழைய பிக்கப்புகள் என எதை எடுத்துக்கொண்டாலும் உரிமையாளர் முதலில் செய்வது பின் அச்சில் கூடுதல் பட்டை சேர்ப்பது. பிறகு தொட்டியின் பக்கப் பலகையை உயர்த்துவது. அடுத்து ஹாரன், பாட்டுப் பெட்டி, கண்ணைக் கூசவைக்கும் எல்இடி விளக்கு. பிரேக் கடைசியில் வரும், அதுவும் சத்தம் கேட்டால்.

கூடுதல் பட்டை என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிக்கப் வண்டிகள் பலவற்றில், சுமைக்கு ஏற்பப் பின் சக்கர பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. சட்டகத்துக்கும் பின் அச்சுக்கும் இடையிலான இடைவெளிதான் அதற்கு அளவுகோல். சுமை ஏறினால் பட்டை அமுங்கும், இடைவெளி குறையும், வால்வு பின் சக்கரங்களுக்கு அதிக அழுத்தம் அனுப்பும். இரண்டு பட்டைகளைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டால் ஒன்றரை டன் ஏற்றினாலும் வண்டி போதிய அளவு அமுங்காது. வண்டி காலியாக இருப்பதாகவே வால்வு கணக்கிட்டுக்கொள்ளும். அதிகச் சுமை ஏற்றுவதற்காகச் செய்த மாற்றமே, அந்தச் சுமையை நிறுத்தவேண்டிய பின் பிரேக்கை மட்டுப்படுத்திவிடுகிறது. பட்டறையில் இதை விளக்கினால் மெக்கானிக் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்த வால்வைச் சரிபார்த்து அமைத்துத் தரச் சொல்லி யாரும் கேட்பதில்லை என்கிறார்.

இன்னொன்று, இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிட்டு உருளவிடும் பழக்கம். டீசல் வண்டியில் பிரேக் மிதிக்கு உதவும் வெற்றிட அழுத்தத்தை எஞ்சினோடு சுழலும் பம்பு உண்டாக்குகிறது. எஞ்சினை அணைத்தபின் இரண்டு மூன்று முறை மிதித்தால் இருப்பு தீர்ந்து, மிதி கல்லாகிவிடும். மிகப் பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் எண்ணெய்க் குழாய் வழிதான் இருக்கும். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போகும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி தரும் மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்துவது, ஆண்டுகள் ஆன ரப்பர் குழாய்களை மாற்றுவது, ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போன பிரேக் எண்ணெயைக் குறித்த காலத்தில் வடித்துவிடுவது, தோளையும் இடுப்பையும் பிணைக்கும் இருக்கைப் பட்டை, முகப்பு விளக்குக்கு ரிலே வைத்த சரியான மின்கம்பி, பின்புறம் ஒளிரும் பட்டை. இவற்றில் எதுவும் ராக்கெட் தொழில்நுட்பம் அல்ல. புதிய வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் எல்லாம் சேர்த்தாலும் சிறு தொகைதான்.

இப்படிச் செய்ய விரும்பும் உரிமையாளருக்குச் சட்டம் என்ன வழி வைத்திருக்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றது. எரிபொருளை மாற்றும் கருவிக்கு வழி உண்டு, மாற்றுத்திறனாளிக்கு ஏற்ப வண்டியை அமைக்க வழி உண்டு. பிரேக்கை மேம்படுத்துவதற்கென்று தெளிவான வழி இல்லை. பதிவுச் சான்றில் பிரேக்கின் வகை இடம்பெறுவதில்லை என்பதால் சட்டம் அதைத் தடுக்கவில்லை என்று வாதாடலாம். விபத்து நேர்ந்தபின் காப்பீட்டு நிறுவனம் அந்த வாதத்தை ஏற்குமா என்ற அச்சம் உரிமையாளருக்கு இருக்கத்தானே செய்யும்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி வகுத்தது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத சொந்த வாகனத்துக்குத் தனி எண் வரிசை, தனிப் பதிவு. நிபந்தனை, அதை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்டக் கூடாது. ஆக, மாறாமல் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு மரியாதை உண்டு. உழைத்துத் தேய்ந்த வண்டிக்கு உடைக்கும் கூடம் உண்டு. உழைத்துக்கொண்டே திருந்த நினைக்கும் வண்டிக்குத்தான் விதிப் புத்தகத்தில் பக்கம் இல்லை.

அரசு தன் வண்டிகள் விஷயத்தில் இப்படி இருக்கவில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பழைய அடிச்சட்டத்தில் புதிய கூண்டு கட்டி, மஞ்சள் வண்ணம் பூசிய நூறு பேருந்துகளை 2023 ஆகஸ்டில் முதல்வர் தொடங்கிவைத்தார். நல்ல காரியம்தான். அடிச்சட்டம் உறுதியாக இருக்கும்போது முழு வண்டியையும் தூக்கியெறிய வேண்டியதில்லை என்ற அந்தத் தர்க்கம் செய்யாற்றின் ஒற்றை வண்டி முதலாளிக்கு மட்டும் பொருந்தாமல் போவது ஏன்?

பிற நாடுகள் இந்த இடைவெளியை நிரப்பியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் இலகு வாகன மாற்றங்களுக்கென்று தேசிய நடைமுறைத் தொகுப்பு இருக்கிறது. முக்கியமான மாற்றங்களை அங்கீகாரம் பெற்ற பொறியாளர் பார்த்துச் சான்றளிக்கிறார். ஜெர்மனியில் மாற்றத்தைச் சோதனை அமைப்பு ஆய்ந்து வண்டியின் ஆவணத்தில் பதிவுசெய்கிறது. இங்கும் கட்டமைப்புக்குக் குறைவில்லை. ஒரகடத்தில் மத்திய அரசின் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் செயல்படுகிறது. எந்த மாடலுக்கு எந்தப் பிரேக் தொகுப்பு, எந்த இருக்கைப் பட்டை என்று அங்கே சோதித்து ஒரு பட்டியல் வெளியிட முடியும். அதைப் பொருத்தித் தரும் பட்டறைகளுக்கு உரிமமும், அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களின் வழியாக மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் தர முடியும். பொருத்திய வண்டிக்குத் தகுதிச் சான்றுக் கட்டணத்தில் சலுகை தந்தால், உரிமையாளர்கள் தாமாகவே வருவார்கள்.

எதிர்வாதம் வலுவானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வருவதற்கு முன் வந்த டீசல் வண்டியின் புகையை பிரேக் மாற்றம் குறைக்காது. அடிச்சட்டம் துருவேறி, ரிவெட் அடித்த இடங்களில் விரிசல் கண்ட வண்டிக்கு எந்த மேம்பாடும் வீண் செலவு. அதை உடைப்பதே நியாயம். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதால், வாங்க முடிந்தவர் புதியதை வாங்குவதும் நல்லதே. ஆனால் புதியது என்பதாலேயே சரக்கு வண்டி பாதுகாப்பானது என்று எண்ணிவிட வேண்டாம். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் மோதல் சோதனை, பயணியர் கார்களுக்கு நட்சத்திரம் வழங்குகிறது. பிக்கப் வண்டி அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

இன்னொரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். 'எஃப்சி' காட்டும் நாளுக்கு மட்டும் நல்ல டயரை வாடகைக்கு எடுத்து மாட்டிச் செல்வது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த ரகசியம். மனிதக் கண் பார்க்கும் சோதனையில் அது செல்லும். உருளை மீது சக்கரத்தை ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தின் நிறுத்தும் விசையையும் தனித்தனியே அளக்கும் இயந்திரத்திடம் பிரேக்கை வாடகைக்கு எடுத்துக் காட்ட முடியாது. அதனால்தான் தானியங்கி நிலையங்களை எதிர்ப்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. நிலையம் பக்கத்தில் இருக்க வேண்டும், கட்டணம் தாங்கும்படி இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். அளக்கவே கூடாது என்பது நியாயம் அல்ல. அந்த இயந்திரம் தோற்றதாகச் சொல்லும் வண்டியின் உரிமையாளரிடம், எதைச் சரிசெய்தால் தேறும், எங்கே எவ்வளவு செலவில் செய்யலாம் என்று எழுதப்பட்ட ஒரு தாளையும் சேர்த்துக் கொடுப்பதற்கு விதியில் இடம் செய்ய வேண்டும். இப்போது அவர் கையில் கிடைப்பது நிராகரிப்பு மட்டும்தான். மறுநாள் காலை அதே வண்டியில் லோடு ஏறுகிறது.