பனியின் உயரமும் இரு பெயர்களும்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், டானர் ஏரிக்கு அருகே ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. கணவன், கைக்குழந்தையுடன் மனைவி, அவர்களை ஒட்டி ஒரு பிள்ளை. 1918இல் திறக்கப்பட்ட அச்சிலையின் பீடம் 22 அடி. 1846-47 குளிர்காலத்தில், மாட்டுவண்டிகளில் மேற்கு நோக்கி வந்து அங்கே சிக்கிக்கொண்ட டானர் குழுவினரைச் சூழ்ந்த பனியின் உயரம் அது என்று உணர்த்தவே அந்த அளவு.

80க்கும் மேற்பட்டோர் கொண்ட அக்குழுவில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். பிழைத்தவர்களில் பலர் இறந்தோரின் உடலைத் தின்று உயிர் காத்தனர். அத்துயரத்திற்குச் சின்னம் எழுப்பியதில் எனக்கு மறுப்பில்லை. பனியின் உயரத்தைக் கல்லில் பதித்தவர்கள் எதைப் பதிக்காமல் விட்டார்கள் என்பதே என் கேள்வி.

லூயிஸ், சல்வடோர் என்று ஞானஸ்நானப் பெயர் பெற்ற இரு பழங்குடி இளைஞர்கள் இருந்தனர். குழுவினர் பனியில் சிக்கும் முன்பே, சட்டர் கோட்டையிலிருந்து கோவேறு கழுதைகளில் உணவு ஏற்றி வந்த சார்லஸ் ஸ்டான்டனுக்குத் துணையாக மலை கடந்து வந்தவர்கள். பின்னர் உதவி தேடிப் பனிக்காலணிகளுடன் புறப்பட்ட சிறு அணியிலும் சென்றனர். உணவு தீர்ந்தபோது, தங்களைக் கொல்லும் பேச்சு எழுந்ததை அறிந்து தப்பியோடினர். 1847 ஜனவரியில், நடக்கவும் வலுவின்றிக் கிடந்த இருவரையும் அணியினரே சுட்டுக் கொன்று உண்டனர். அந்த அணியில் உயிர் தப்பிய ஏழு பேருக்கும் முதலில் உணவளித்தது ஒரு பழங்குடிக் குடியிருப்புதான்.

முன்னே செல்பவரே முன்னோடி. உணவு கொண்டு வந்தவர்களுக்கு அந்தப் பீடத்தின்மேல் இடமில்லை. உணவு பெற்றவர்களே முன்னோடிகளாக நிற்கிறார்கள்.

நினைவுச்சின்னம் நீதிமன்றமல்ல என்பர் சிலர். உண்மைதான். ஆயினும் வழிப்போக்கன் நூலகத்திற்குப் போவதில்லை. கல்லின் முன் ஒரு நிமிடம் நின்று, அது சொல்வதையே வரலாறென்று எடுத்துச் செல்கிறான். 2015இல் அங்கே திறக்கப்பட்ட புதிய காட்சியகம் அம்மண்ணின் வாஷோ மக்களைப் பற்றியும் பேசுகிறது, நல்ல மாற்றம். ஆனால் காட்சியகத்துக்குக் கதவு உண்டு, மூடும் நேரம் உண்டு. கல் இரவிலும் பேசும்.

சிலையை அகற்ற வேண்டியதில்லை. அகற்றினால் 1918இன் மனிதர்கள் எதைப் பார்க்க மறுத்தார்கள் என்ற சாட்சியமும் போய்விடும். அதன் அருகிலேயே, அண்ணாந்து பார்க்கத் தேவையில்லாத உயரத்தில், அவ்விரு பெயர்களையும் அவர்களுக்கு நேர்ந்ததையும் சொல்லும் ஒரு கல் நிற்க வேண்டும். சிலையைப் பார்க்க வருகிறவர் அதையும் படிக்காமல் திரும்ப முடியாதபடி.