எட்டுக் கிரகமும் ஒரு கார்ட்டூனும்

1962 பிப்ரவரியில் ராகு நீங்கலாக எட்டுக் கிரகங்களும் மகரத்தில் கூடின. உலகம் அழியப்போகிறது என்று நாடெங்கும் ஹோமம் நடந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பெரியவர்களும் தாமிரபரணியில் முழுக்குப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

நிஜமான ஆபத்து அக்டோபரில் கியூபாவில் வந்தது. அப்போது லண்டன் 'டெய்லி மெயில்' பத்திரிகையில் இல்லிங்வொர்த் வரைந்த கார்ட்டூன்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கென்னடியும் குருஷேவும் ஆளுக்கொரு ஹைட்ரஜன் குண்டின் மேல் உட்கார்ந்து, வியர்க்க வியர்க்கக் கைகோத்துப் பலம் பார்க்கிறார்கள். மற்றக் கையின் விரல் பொத்தானில்!

பஞ்சாங்கத்தில் நாம் தேடிய பிரளயம் மனிதனின் விரல் நுனியில் இருந்தது. இன்று அணுகுண்டு வைத்திருக்கும் நாடுகள், நம்மையும் சேர்த்து, ஒன்பது. சாந்தி செய்யவேண்டியது இந்த நவக்கிரகங்களுக்குத்தான்.