புல்லட்டுக்கு மேக்கப் போடாதீங்க!

கொல்லைப்புறத்தில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் தாத்தாவின் புல்லட் பல வீடுகளில் உண்டு. இருபது முப்பது வருஷமாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். திடீரென்று ஒருநாள் வீட்டுப் பையனுக்கு ஞானோதயம் வரும். பட்டறைக்கு வண்டியை ஏற்றிக்கொண்டு போய், "அண்ணே, சும்மா புதுசு மாதிரி ஆக்கிடுங்க" என்பான். அத்தோடு அந்த வண்டியின் கதை முடிந்தது!

பழைய பெயின்டைச் சுரண்டி எறிவார்கள். டேங்கில் கையால் இழுத்த தங்கக் கோடு போய் ஸ்டிக்கர் வரும். மட்கார்டை வெட்டுவார்கள். ஹெட்லைட்டுக்கு மேலே இருந்த ஆம்பியர் மீட்டர் காயலான் கடைக்குப் போகும். கடைசியில் மிஞ்சுவது ஆர்.சி. புக்கும் சேஸிஸ் நம்பரும்தான். இதற்குப் பெயர் ரெஸ்டோரேஷனாம்!

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு திருவொற்றியூரிலேயே தயாரித்தார்கள். 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றே போனது. இங்கே நிற்கவில்லை. ஆக, அந்தத் தங்கக் கோடு வடசென்னைத் தொழிலாளி ஒருவரின் கைவேலை. பெயின்டை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். அவர் போட்ட கோட்டைத் திரும்பப் போட முடியுமா?

"அப்போ துருப்பிடிச்ச வண்டியை அப்படியே ஓட்டணுமா?" என்று சண்டைக்கு வருவார்கள். இல்லை சாமி! தேய்வதை மாற்று, தேயாததைத் தொடாதே. அவ்வளவுதான் விஷயம்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். டயர், டியூப், பிரேக் ஷூ, கேபிள்கள், வயரிங் எல்லாம் புதுசாகத்தான் இருக்கவேண்டும். இதில் கஞ்சத்தனம் பண்ணினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் நடப்பது என்ன? குரோம் பூச்சுக்குக் காசு இருக்கும், பிரேக்குக்கு இருக்காது :-(

எஞ்சின் கதை இன்னும் மோசம். வந்ததும் வராததுமாகக் கிக்கரில் ஏறி மிதிப்பார்கள். பல வருஷம் அசையாத பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். மிதித்தால் ரிங் உடையும், போர் கீறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கொஞ்சம் ஆயில் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை மெதுவாக அசைத்துப் பார்க்கவேண்டும். பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டர் ஜெட்டை அடைத்திருக்கும், அதைச் சுத்தம் செய்யவேண்டும். டேங்கின் உள்துருவை எடுக்கவேண்டும், பழைய ஆயிலை முழுசாக வடிக்கவேண்டும். இதற்கெல்லாம் காசைவிடப் பொறுமைதான் அதிகம் தேவை. அதுதானே கிடைப்பதில்லை!

"என் வண்டி, என் காசு, உனக்கென்ன?" என்று கேட்கலாம். சரி, காசுக் கணக்கே பார்ப்போம். தேய்மானம் போட்டுப் போட்டு ஏட்டு மதிப்பு பூஜ்யமான சொத்து அது. அதற்கு இன்னும் மதிப்பு இருக்கிறதென்றால் ஒரிஜினலாக இருப்பதால்தான். சட்டமும் அதையே சொல்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிப்படி 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி, மூல வடிவத்தில் இருக்கவேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. (அப்படிப் பதிந்த வண்டியைத் தினமும் ஓட்ட முடியாது, அது வேறு விஷயம்.) கையில் காசைக் கொடுத்து வெட்டி ஒட்டியவர்கள் அந்தக் கதவையும் தாங்களே சாத்திக்கொள்கிறார்கள். லாபமா நஷ்டமா, சொல்லுங்கள்?

முதலில் வண்டி ஓடட்டும், பளபளப்பு அப்புறம். அந்த டப் டப் சத்தம் கேட்டுத் தாத்தா திண்ணைக்கு எழுந்து வந்து, "அட, நம்ம வண்டிடா!" என்றால் அதுதான் ரெஸ்டோரேஷன். "யார் வண்டிடா இது?" என்று கேட்டால், அந்தச் செலவெல்லாம் எதற்கு?