கொம்பிரசர் சாகவில்லை

"கொம்பிரசர் போட்டுது ஐயா. இதுக்குச் செலவழிக்கிறதிலும் பார்க்கப் புதுசு ஒண்டு வாங்குங்கோ."

சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் வெள்ளவத்தை வீட்டுச் சமையலறையில் நின்று ஓர் இளைஞர் வழங்கிய தீர்ப்பு இது. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தில் காதை வைத்து இரண்டு நிமிடம் கேட்டார். கதவைத் திறந்து மூடினார். வந்து பார்த்ததற்கான கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு போய்விட்டார்.

முதல்நாள் இரவு மின்சாரம் போவதும் வருவதுமாக நாலைந்து தடவை விளையாட்டுக் காட்டியிருந்தது. விடிந்தபோது பெட்டிக்குள் விளக்கு எரிந்தது, குளிர் இல்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பின்புறத்திலிருந்து 'டக்' என்றோர் ஒலி மட்டும் வந்தது. மீனும் மரக்கறியும் பழுதானால் ஒரு நாள் நட்டத்தோடு போகும். ஆனால், மேல்தட்டில் என் மனைவியின் இன்சுலின் இருந்தது. 2 பாகை செல்சியசுக்கும் 8 பாகைக்கும் இடையில் வைத்திருக்க வேண்டிய மருந்து அது. அதை மேல்மாடி வீட்டாரின் பெட்டியில் ஒப்படைத்துவிட்டு வந்து யோசித்தேன்.

செத்துப்போன இயந்திரம் எதற்காகச் சத்தம் போடுகிறது?

கேள்வி கேட்பதற்காகவே சம்பளம் வாங்கிய தொழிலில் இருந்தவனுக்கு அந்தத் தீர்ப்பை மேன்முறையீடின்றி ஏற்க மனம் வரவில்லை. சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றினேன். பெட்டியை முன்னே இழுத்து, கொம்பிரசரின் பக்கத்திலிருந்த சிறிய மூடியைத் திறந்தேன். கொம்பிரசரில் மூன்று ஊசிகள். அவற்றின் மேல் பொருத்தப்பட்டிருந்தது தீப்பெட்டி அளவிலான ஒரு பிளாஸ்டிக் பாகம். அதுதான் தொடக்க ரிலே. கழற்றிக் குலுக்கினேன். குழந்தையின் கிலுகிலுப்பை போல் ஒலித்தது.

அந்த ரிலேக்குள் நாணயம் போன்ற ஒரு பீங்கான் வில்லை இருக்கும். மோட்டார் புறப்படும் கணத்தில் தொடக்கச் சுருளுக்கு மின்சாரத்தை அது விடும். ஓரிரு விநாடிகளில் சூடேறித் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். வில்லை உடைந்தால் மோட்டாரால் புறப்பட முடியாது. முயன்று முயன்று மிகையான மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது பக்கத்திலுள்ள பாதுகாப்புச் சாதனம் சூடாகி இணைப்பைத் துண்டிக்கும். அந்த 'டக்' அதன் ஒலிதான். அது மரண ஓலம் அன்று, காவற்காரனின் குரல்.

கொம்பிரசரையும் மீற்றரால் பார்த்தேன். மூன்று ஊசிகளையும் இரண்டிரண்டாக அளக்கும்போது, சிறிய இரு தடைகளின் கூட்டுத்தொகை மூன்றாவதற்குச் சமமாக இருந்தால் சுருள்கள் பெரும்பாலும் நலம். எந்த ஊசிக்கும் உலோக உடலுக்கும் இடையில் தொடர்பு இருக்கக் கூடாது. இரண்டிலும் அது தேறியது. பழைய ரிலேயை எடுத்துக்கொண்டு மருதானைப் பக்கம் போய், இலக்கம் பார்த்து அதே வகையை வாங்கி வந்து பொருத்தினேன். புதிய பெட்டியின் விலையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே செலவு. அன்று மாலையே இன்சுலின் வீடு திரும்பியது.

இதை என் சாமர்த்தியத்தைப் பறைசாற்ற எழுதவில்லை. இந்த அறிவு எமக்குப் புதிதும் அன்று. 1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. கோடு போட்ட கொப்பித் தாளில்கூடப் பத்திரிகை அச்சானது. எறிவதற்கு எதுவும் இல்லாத அந்தக் காலத்தில் திறந்து பார்ப்பது எங்கள் இயல்பாக இருந்தது. கடைகள் நிறைந்த பின்னர் அந்த இயல்பைத்தான் முதலில் எறிந்தோம். 2022இல் ரூபா சரிந்து, மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டபோது, 'புதுசு வாங்குங்கோ' என்ற சொல் எத்தனை வீடுகளில் பொருளற்றுப் போனது என்பதைக் கண்டோம்.

அந்த இளைஞரைக் குற்றஞ்சாட்டுவது சுலபம். ஆனால் ஒரு மணித்தியாலம் இருந்து பழுதைத் தேடுவதற்கு நாம் அவருக்குக் கூலி கொடுப்பதில்லை. மின்சுற்று வரைபடமும் அவரது கைக்கு எட்டுவதில்லை. சிறு பாகம் தனியாகக் கிடைக்கும் என்ற நிச்சயமும் இல்லை. இந்நிலையில் யாரும் இலகுவான தீர்ப்பையே சொல்வார்கள்.

எனவே பழுது சட்டத்திலும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் குளிர்சாதனப் பெட்டி விற்போர், கதவு ரப்பர் பட்டியை 10 ஆண்டுகளுக்கும், கைப்பிடி, கீல், தட்டுகளை 7 ஆண்டுகளுக்கும் பாவனையாளருக்கே கிடைக்கச் செய்ய வேண்டும். வெப்பநிலை உணரியும் மின்சுற்றுப் பலகையும் 7 ஆண்டுகளுக்குத் திருத்துநர்களுக்குக் கிடைக்க வேண்டும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. பெட்டியை இறக்குமதி செய்பவர் அதன் உதிரிப் பாகத்தையும் வரைபடத்தையும் கூடவே கொண்டுவர வேண்டும் என்று விதிக்க இனியும் தாமதிக்கலாகாது.

'எல்லோரும் திருத்தப் புறப்பட்டால் ஆபத்தில்லையா?' என்று கேட்பீர்கள். ஆபத்துண்டு. ஆகவே எல்லைக்கோடு வேண்டும். பிளக்கைக் கழற்றாமல் எதையும் தொடக் கூடாது. கழற்றிய பின்னரும் கொள்ளளவியில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். வாயு ஓடும் குழாய்கள் பயிற்சி பெற்றவருக்கே உரியவை. இன்றைய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ தீப்பற்றக் கூடியது. பழைய ஆர்-134ஏயைக் காற்றில் விட்டால், அது நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும்.

கோட்டுக்கு இப்பால் நமக்கும் வேலையுண்டு. பின்புறச் சுருளில் படிந்த தூசியைத் துடைக்கலாம். மரக்கறித் தட்டின் கீழ் நீர் தேங்கினால் வடிதுளையைச் சுத்தம் செய்யலாம். கதவிடுக்கில் ஒரு ரூபாத் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் ரப்பர் பட்டி தளர்ந்துவிட்டது. மின்சாரம் போய் வந்தால் ஐந்து நிமிடம் கழித்துப் பெட்டியை இயக்குங்கள். குழாய்க்குள் அழுத்தம் சமநிலைக்கு வருமுன் புறப்படச் சொன்னால் மோட்டார் திணறும். உறைபனியைக் கத்தியால் கொத்தாதீர்கள். அந்த ஒரு குத்தில் மாண்ட பெட்டிகள் பல.

உடைந்த ரிலே இப்போது என் எழுதுமேசையில் இருக்கிறது. யாராவது எதையாவது பற்றி 'இது முடிந்த கதை' என்று உறுதியாகச் சொன்னால், அதை எடுத்து ஒருமுறை குலுக்கிப் பார்க்கிறேன்.