காலி கேட்ச், சுத்தமான இன்டர்ஃபேஸா?

கம்போனென்ட்டுக்குள் எழும் எக்ஸெப்ஷனை அங்கேயே அமுக்கிவிட்டு 'நல்' திருப்பி அனுப்பினால் இன்டர்ஃபேஸ் சுத்தமாக இருக்கும் என்கிறார் நண்பர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் சுத்தம் அது. வாடிக்கையாளர் பதிவே இல்லை என்றாலும் 'நல்', டேட்டாபேஸ் படுத்துவிட்டாலும் 'நல்' என்றால், அழைக்கும் நிரல் என்ன செய்யும்? புதுக் கணக்கு தொடங்கும். ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு!

ஏரியன் 5 ராக்கெட்டின் கதை நினைவிருக்கிறதா? 1996 ஜூன் 4. 64 பிட் எண் 16 பிட்டுக்குள் அடங்காமல் எக்ஸெப்ஷன் எழுந்தது; கையாள ஆளில்லை. பலரும் கதையை இதோடு முடித்துவிடுகிறார்கள். பழுதான வழிகாட்டுக் கருவி அனுப்பிய பழுதறி விவரத்தை, முதன்மைக் கணினி பறத்தல் தரவாகவே வாசித்தது என்பதுதான் முக்கியம். ராக்கெட் ஒரேயடியாகத் திரும்பியது. புறப்பட்டுச் சுமார் 40 நொடியில் சிதறியது. 'நான் செயலிழந்துவிட்டேன்' என்ற செய்தி எதிர்முனைக்குப் புரியவே இல்லை.

அதற்காக எஸ்க்யூஎல் எக்ஸெப்ஷனை அப்படியே வெளியே தள்ளச் சொல்லவில்லை. உள்ளே எந்த டேட்டாபேஸ் என்பது அழைப்பவருக்கு வேண்டாத சங்கதி. 'சேவை இப்போது இல்லை' என்று இன்டர்ஃபேஸின் சொல்லில் மாற்றி, மூலக் காரணத்தையும் கோத்து அனுப்பலாம். ஜாவாவில் 1.4 பதிப்பிலிருந்தே இதற்கு வசதி உண்டு. நண்பர் தம் நிரலில் உள்ள காலி கேட்ச் பிளாக்குகளை முதலில் தேடி எடுக்கட்டும்.