சிறுநீரக நோயாளியும் கெடா விருந்தும்

ஈரோடு, திருப்பூர், கோவை பக்கம் கெடா வெட்டு என்று அழைப்பு வந்தால் போகாமல் இருக்க முடியாது. போனால் கறிச்சோறு சாப்பிடாமல் எழுந்திருக்கவும் முடியாது! அந்தப் பந்தியில் சிறுநீரகம் பழுதான ஒருவர் உட்கார்ந்துவிட்டால் போதும். "ஒரு நாளைக்குத் தின்னா என்ன ஆயிரப் போகுது, சாப்புடுங்க மாமா" என்பார் ஒருவர். "அவருக்குக் கறியே ஆகாதுங்க" என்று இலையை மறைப்பார் இன்னொருவர். இரண்டுமே தவறான அன்பு.

கறியில் இருக்கும் புரதம் உடலில் செரித்த பின் யூரியா போன்ற கழிவுகளாகிறது. அதை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அதனால்தான் நோய் முற்றிய, ஆனால் டயாலிசிஸ் தொடங்காத பெரியவர்களுக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்கிறது 2024-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். 60 கிலோ எடை உள்ளவருக்கு 48 கிராம். எலும்பில்லாத கால் கிலோ ஆட்டுக்கறியிலேயே சுமார் 50 கிராம் புரதம் இருக்கிறது. சோறு, பருப்பு, தயிர் கணக்கில் வரும் முன்பே அன்றைய பட்ஜெட் காலி! ஆனால் 50 கிராம் கறி என்றால் 10 கிராம்தான். பலருக்கு அது கணக்குக்குள் அடங்கும்.

டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கே மாறுகிறது. அப்போது கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. ரத்தம் சுத்தமாகும்போது புரதத்தின் கூறுகளும் கொஞ்சம் வெளியே போய்விடுகின்றன. பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு கஞ்சியும் ரசமுமாகக் காலம் தள்ளுபவர் சதை வற்றி மெலிந்து போவார். வீட்டார் "கட்டுப்பாடா இருக்காரு" என்று பெருமைப்படுவதுதான் கொடுமை.

அதற்காக ஆட்டுக்கறிதான் வேண்டும் என்பதில்லை. சிங்கப்பூரில் 63,000-க்கும் மேற்பட்டோரைச் சராசரியாகப் 15 ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. சிவப்பு இறைச்சி அதிகம் உண்டவர்களில் சிறுநீரகம் முழுதும் செயலிழப்பது கூடுதலாக இருந்தது. கோழி, மீனில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. அங்கே சிவப்பு இறைச்சி என்பது பெரும்பாலும் பன்றிக்கறி என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படியும் முட்டையின் வெள்ளைக்கரு, மீன், கோழி அன்றாடத்துக்கு, ஆட்டுக்கறி எப்போதாவது என்று வைத்துக்கொள்வதே நல்லது.

கறித்துண்டை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் சரியல்ல. கறி வெந்த தண்ணீரில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் இறங்கிவிடும். எனவே முதலில் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பது உதவும். அந்தச் சாற்றையே நல்லி எலும்பு சூப் என்று தெம்புக்குக் கொடுப்பது தலைகீழ் வைத்தியம்! உப்புக்கண்டத்தின் உப்போ ரத்த அழுத்தத்தை ஏற்றும். கறியைத் தவிர்த்துவிட்டு "குளிர்ச்சி" என்று பொள்ளாச்சி இளநீரைக் குடித்தால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே தடுமாறலாம்.

ஆக, "கறி ஆகுமா, ஆகாதா?" என்பதற்குப் பந்தியில் பதில் கிடையாது. நோய் எந்தக் கட்டம், ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் எவ்வளவு என்று பார்த்து மருத்துவரும் உணவியல் நிபுணரும் சொல்லும் அளவே பதில். விருந்துக்கு அழைப்பவர்கள் அந்த அளவைக் கேட்டுப் பரிமாறலாம். இரண்டு துண்டோடு அவர் நிறுத்திக்கொண்டால், விருந்தை அவமதித்ததாக நினைக்க வேண்டியதில்லை.